ஆட்கள் நிற்க வேண்டுமா? முதலில் சாரத்தைப் பாருங்கள்

இரண்டு மாடி, மூன்று மாடி வீடு கட்டும் காண்ட்ராக்டர்களிடம் பேசினால் முதலில் வரும் புலம்பல், "ஆளே நிக்கிறதில்லை" என்பதுதான். கூலியைக் கூட்டுகிறார்கள், அட்வான்ஸும் கொடுக்கிறார்கள். அப்படியும் சனிக்கிழமை கணக்கு முடிந்ததும் கொத்தனார் வேறு சைட்டுக்குப் போய்விடுகிறார். ஏறி நின்ற பலகை ஆடினால், யாரும் அங்கே மறுவாரம் வர விரும்புவதில்லை. அவர்கள் வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆட்கள் நிற்க, இவற்றைச் செய்யுங்கள்.

1. ஹெல்மெட், ஷூ, கையுறையை நீங்களே வாங்கிக் கொடுங்கள். கூலியில் பிடிக்காதீர்கள். ஹெல்மெட்டின் தாடைப்பட்டை மாட்டியிருக்க வேண்டும்.

2. சாரம். எல்லாரும் கோட்டை விடுவது இங்கேதான், அவசரப்படாதீர்கள்.

சவுக்குக் கம்பின் அடியைக் குழியில் இறக்கி மண்ணை இடியுங்கள். தளத்தின் மேல் நிறுத்தினால் அடியில் பலகை வைத்து, நகராமல் கட்டுங்கள். உளுத்த கம்பு, வெடித்த கம்பு எதையும் "இந்த ஒரு தடவை" என்று சேர்க்காதீர்கள்.

சாரத்தைக் கட்டடத்தோடு பிணைக்க வேண்டும். ஜன்னல் திறப்பு வழியாகக் குறுக்குக் கம்பு கொடுத்து உள்பக்கம் இறுக்குங்கள். ஜன்னல் கிரில்லில் கட்டுவது பிணைப்பே இல்லை. பூச்சு வேலைக்கு இடைஞ்சல் என்று நடுவில் ஒரு பிணைப்பை அவிழ்ப்பார்கள். அப்போது சாரம் சாய்ந்துவிடலாம். வேறு இடத்தில் புதிதாகக் கட்டிய பிறகே பழையதை அவிழ்க்கலாம்.

பலகை முனை, தாங்கும் கம்பைத் தாண்டி அரை அடியாவது நீண்டிருக்கட்டும். ஒரு அடிக்கு மேல் போனால் முனையை மிதித்ததும் பலகை தூக்கிவிடும். இரண்டு முனையையும் கட்டிவிடுங்கள். வெளிப்பக்கம் இடுப்புக்குச் சற்று மேலே ஒரு தடுப்புக் கம்பு, நடுவில் இன்னொன்று, காலடியில் ஒரு பலகை. அந்தக் காலடிப் பலகைதான் கீழே நிற்கும் சித்தாள் தலையில் செங்கல் விழாமல் காப்பது.

கட்டியவர் மட்டுமே சாரத்தை மாற்றலாம். இதில் சலுகையே கிடையாது.

3. ஏணியை நான்கடி உயரத்துக்கு ஓரடி வீதம் தள்ளிச் சாய்த்து, தலைப்பைக் கட்டுங்கள். சாந்துச் சட்டியைக் கப்பியில் ஏற்றுங்கள். ஏணியில் ஏறுபவருக்கு இரண்டு கையும் வேண்டும்.

4. தடுப்பு வைக்க முடியாத விளிம்பில் முழு உடல் பெல்ட் வேண்டும். இடுப்புப் பெல்ட் போதாது; விழுந்தால் இடுப்பையே முறிக்கும். கொக்கியைச் சாரத்தில் மாட்டாமல், கான்கிரீட் தூணில் கட்டிய கயிற்றில் மாட்டுங்கள்.

5. தினமும் காலையில் மேஸ்திரி முதலில் ஏறி முடிச்சுகளை இழுத்துப் பார்க்கட்டும். மழைக்கு மறுநாள் நீங்களும் ஏறுங்கள். ஒருவர் "இது சரியில்லண்ணே, ஏற மாட்டேன்" என்றால் அரைநாள் கூலியை வெட்டாதீர்கள். வெட்டினால் அடுத்த முறை யாரும் வாய் திறக்க மாட்டார்கள், சொல்லாமல் கிளம்பிவிடுவார்கள். சரிசெய்யும் வரை அவருக்குத் தரையில் வேலை கொடுங்கள்.

6. பெண்களுக்குக் கதவுள்ள கழிப்பறையும் எல்லாருக்கும் குடிதண்ணீரும் முதல் நாளிலிருந்தே இருக்க வேண்டும்.

7. வயது 18 முதல் 60க்குள், முந்தைய 12 மாதங்களில் 90 நாள் கட்டட வேலை செய்தவர் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதியலாம். வேலைச் சான்று கேட்டால் அன்றே எழுதிக் கொடுங்கள். விபத்து நேர்ந்தால் குடும்பத்துக்கு உதவித்தொகை கிடைக்க இந்தப் பதிவு உதவும். இதை முன்னின்று செய்து கொடுக்கும் காண்ட்ராக்டரிடம் ஆட்கள் தங்கள் ஊர்க்காரர்களையும் கூட்டி வருவார்கள்.