பழம்பொருள்களில் ரப்பரும் உலோகமும்: ஏற்ற பசையைத் தேர்ந்தெடுத்தல்

நம் ஊராட்சி அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் நூலகங்களிலும் முற்காலத்துச் சாதனங்கள் சில இன்னும் இருந்து வருகின்றன. ஊரார் கூடிக் கேட்ட வானொலிப் பெட்டி, கணக்குப் பிள்ளை கையாண்ட தட்டச்சுப் பொறி, கிராம சேவகர் ஏறி வந்த மிதிவண்டி, பழைய பேருந்தின் பித்தளை ஹாரன் ஆகியவை அவற்றுள் சில. விலைக்கு விற்றால் அதிகம் தேறமாட்டா எனினும், ஊரின் வரலாற்றை இளைஞர்க்கு எடுத்துக் கூறும் சான்றுகள் இவையே.

இவற்றுள் பலவற்றில் உலோகத்தோடு ரப்பரும் சேர்ந்திருக்கிறது. நன்கு பேணப்பட்ட உலோகம் நூறாண்டு நிற்கும். ரப்பரோ அவ்வளவு காலம் நில்லாது. காற்றும் வெயிலும் வெப்பமும் பட்டு இறுகும், வெடிக்கும், அல்லது இளகிப் பிசுபிசுக்கும். பின் உலோகத்தை விட்டுக் கழன்று விழும். அப்பொழுது கடைக்குச் சென்று, “மிகவும் பலமாக ஒட்டும் பசை ஒன்று கொடுங்கள்” என்று கேட்பதே நம் வழக்கம். பலமான பசையே நல்ல பசை என்னும் எண்ணம் பிழையானது. அதை நான் அனுபவத்தால் அறிந்தேன்.

ஒரு ஹாரன் கற்பித்த பாடம்

எங்கள் ஒன்றியத்து ஊராட்சி ஒன்றில், ஊருக்கு முதன் முதலாக வந்த பேருந்தின் பித்தளை ஹாரனைக் குடும்பம் ஒன்று பாதுகாத்து வைத்திருந்து, பள்ளிக்கு வழங்கியது. ரப்பர்க் குமிழை அமுக்கினால் ஒலிக்கும் வகையைச் சேர்ந்தது அது. ஆண்டு விழாவில் அதனை ஒலிக்கச் செய்வதென முடிவாயிற்று. விழாவுக்கு முந்திய நாள் குமிழ் கழன்றுவிட்டது. உடனே ஒட்டும் பசையை வாங்கி ஒட்டுமாறு சொன்னவன் நானே.

பசை நீர் போல் ஓடும் தன்மையது. அது குழாயின் கழுத்து வழியே உள்ளிறங்கி, ஓசை எழுப்பும் பித்தளை நாக்கைப் பற்றிக்கொண்டது. குமிழ் ஒட்டியது, குரல் போயிற்று. நாக்கை விடுவிக்க முயன்றபோது அது முறிந்தது. ரப்பர்க் குமிழ் பின்னர் நகரத்துக் கடையிலேயே கிடைத்தது. ஆனால் முதியோர் காதில் நின்ற அந்த ஓசையைத் தரும் நாக்கு கிடைக்கவில்லை. வேறு நாக்குப் பொருத்தினோம், ஹாரன் ஒலிக்கிறது. ஆயினும் அது அந்தப் பேருந்தின் குரல் அன்று என்று பெரியவர்கள் கூறிவிட்டனர்.

எளிதில் மாற்றக்கூடிய பகுதியைக் காப்பாற்றுவதற்காக, மாற்ற முடியாத பகுதியை இழந்தோம். பசையைத் தேர்ந்தெடுக்குமுன் நினைவிற் கொள்ள வேண்டிய தலையாய உண்மை இதுவே.

ரப்பரின் இயல்பு

மரப்பாலிலிருந்து எடுக்கும் ரப்பர் வெயிலில் இளகும், குளிரில் விறைக்கும். கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் அது உறுதிப்படும் என்பதை அமெரிக்கரான சார்லஸ் குட்இயர் 1839 இல் கண்டறிந்து, 1844 இல் காப்புரிமை பெற்றார். அக்கந்தகம் ரப்பரில் இன்றும் உண்டு. அது செம்பையும் வெள்ளியையும் கருக்கச் செய்யும். செம்போ, ரப்பர் விரைவில் கெடுவதற்குத் துணை செய்யும். ஆகவே பித்தளையும் ரப்பரும் நெடுநாள் ஒட்டியிருப்பது இரண்டிற்கும் நல்லதன்று.

மேலும், ரப்பர் வளையும், நீளும். உலோகம் அவ்வாறு செய்யாது. வெப்பத்தில் ரப்பர் விரிவது இரும்பு விரிவதைப் போல் பத்து மடங்கிற்கும் அதிகம். இவ்விரண்டின் நடுவே கண்ணாடி போல் இறுகும் பசை இருக்குமானால், அது ஓரத்தில் விரிசல் கண்டு, தாள் உரிவது போல் உரிந்துவிடும். எனவே ரப்பருக்கு வேண்டுவது வளைந்து கொடுக்கும் பசையாகும்.

தொழிற்சாலைகளில் ரப்பரையும் உலோகத்தையும் அச்சிலிட்டு வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் ஒன்றாக்குகின்றனர். டயருக்குள் இருக்கும் எஃகுக் கம்பிகளுக்குப் பித்தளை முலாம் பூசுவதும் ரப்பர் அவற்றை நன்கு பற்றும் பொருட்டே. அத்தகைய பிணைப்பைக் கடைப் பசை கொண்டு நாம் உண்டாக்க இயலாது.

முதலில் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

ஒன்று: ரப்பர், உலோகம் ஆகிய இரண்டில் மாற்ற முடியாதது எது? பசை அதற்குத் தீங்கு செய்யலாகாது.

இரண்டு: பசை தேவைதானா? தட்டச்சுப் பொறியின் ரப்பர்ப் பாதங்கள் பலவற்றில் திருகாணி இருக்கும். ஹாரன் குமிழை ஒரு வளையப் பட்டையால் இறுக்கலாம். நூலால் சுற்றிக் கட்டினாலும் போதும். கட்டியதை அவிழ்க்கலாம், ஒட்டியதை எளிதில் பிரிக்க இயலாது.

மூன்று: ரப்பர் உயிரோடு இருக்கிறதா? நகத்தால் மெல்ல அழுத்திப் பார்த்தால் விளங்கும். பொடியாக உதிர்ந்தாலும், விரலில் பிசுபிசுவென ஒட்டினாலும், எப்பசையும் பயன்படாது. பசை மேற்பரப்பைப் பற்றும். அம்மேற்பரப்பே கழன்று வந்துவிடும். அப்பொழுது புது ரப்பர் வெட்டிப் பொருத்தி, பழைய துண்டைக் காகித உறையிலிட்டுப் பாதுகாப்பதே முறை.

பசை வகைகள்

தொடுபசை: இருக்கை தைப்போரும் செருப்புத் தைப்போரும் பயன்படுத்தும் மஞ்சள் நிறப் பசை இது. பெரும்பாலும் நியோப்ரீன் என்னும் செயற்கை ரப்பரால் ஆனது. உலர்ந்த பின்னும் வளைந்து கொடுப்பதால், இரும்பில் ரப்பர் ஒட்டுவதற்கு முதலில் எண்ண வேண்டியது இதுவே. எண்ணெயும் மிகுந்த வெப்பமும் இதற்கு ஆகா.

உடனொட்டும் பசை: சயனோஅக்ரிலேட் எனப்படும். காற்றின் ஈரத்தால் நொடியில் இறுகும். சிறிய, அசையாத ரப்பர்த் துண்டுகளை நன்கு பற்றும். ஆனால் இறுகியபின் நொறுங்கும் தன்மையது. அதிர்ச்சியையும் உரிக்கும் விசையையும் தாங்காது. சுற்றிலும் உலோகத்தின் மேல் வெண்புகை போல் படிவதும் உண்டு. பழம்பொருளுக்குக் கடைசியாகவே இதனை எண்ண வேண்டும்.

இருகலவைப் பசை: எபாக்சி வகை. இரும்போடு இரும்பை ஒட்டச் சிறந்தது. ஆயினும் கல் போல் இறுகுவதால் வளையும் ரப்பருக்கு ஏற்றதன்று.

சிலிக்கோன் பசை: சிலிக்கோன் ரப்பரை ஒட்ட இதுவே வழி, ஏனைய பசைகள் அதில் ஒட்டமாட்டா. பிழியும்போது புளிக்காடி நெடி வீசும் வகை இரும்பையும் பித்தளையையும் அரிக்கும். உலோகத்திற்கு அந்நெடி இல்லாத, அமிலம் கசியாத வகையைக் கேட்டு வாங்குக.

வெள்ளை மரப்பசை மரத்திற்கும் காகிதத்திற்கும் உரியது. மிதிவண்டி டியூப் ஒட்டும் சொலூஷன் ரப்பரோடு ரப்பரைச் சேர்க்க ஏற்பட்டது. இரண்டும் இவ்வேலைக்கு உதவா.

ரப்பர் போல் தோன்றும் பல பொருள்கள் உண்மையில் பி.வி.சி. ஆகும். அதனை மென்மையாக்கச் சேர்த்த எண்ணெய் நாளடைவில் கசிந்து தொடுபசையை இளக்கிவிடும். ஆதலால் புது ரப்பர் வாங்கும்போது உண்மையான ரப்பர்தானா எனக் கேட்டறிய வேண்டும்.

ஒட்டும் முறை

பழைய இரும்புப் பெட்டி ஒன்றின் அடியில் ரப்பர்ப் பாதம் ஒட்டுவதாகக் கொள்வோம்.

முதலில் ஒட்டும் இடத்தில் மட்டும் துருவையும் பழைய பசையையும் நீக்கவும். பெட்டியின் பழைய வண்ணத்தைச் சுரண்டலாகாது. ஒட்டும் இடத்தை ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைக்கவும். புது ரப்பரின் மேல் அச்சிலிருந்து வந்த மெழுகும் மாவும் படிந்திருக்கும். நுண்ணிய உப்புத்தாளால் இலேசாகத் தேய்த்துத் துடைக்கவும். பசை பிடிக்கவில்லை என்ற குறை பெரும்பாலும் இந்தத் துப்புரவு இல்லாமையால் வருவதே.

பின் இரு பக்கங்களிலும் தொடுபசையை மெல்லியதாகப் பூசி, பத்து அல்லது பதினைந்து நிமிடம் காற்றாட விடவும். விரலால் தொட்டால் பசை விரலில் வரலாகாது. அதன் பின் ஒட்டினால் நகர்த்த முடியாது. ஆகவே இடத்தை முன்னரே பென்சிலால் குறித்துக்கொள்ள வேண்டும். ஒரு முறை பலமாக அழுத்தி, ஒரு நாள் முழுதும் அப்பெட்டியை அசையாது வைக்கவும்.

பசையும் ஸ்பிரிட்டும் பழைய வண்ணத்தைக் கரைக்கக்கூடும். முதலில் மறைவான மூலையில் ஒரு துளி இட்டுப் பார்ப்பது நன்று.

எச்சரிக்கை

தொடுபசையிலுள்ள கரைப்பான் எளிதில் தீப்பற்றும். அதன் ஆவி மூளைக்குக் கேடு செய்யும். திறந்த வெளியில் வேலை செய்க. அருகில் விளக்கோ பீடியோ கூடாது. சிறுவர் கையில் பசை டப்பாவைக் கொடுத்தனுப்புதல் அறவே ஆகாது. உடனொட்டும் பசை பஞ்சிலோ பருத்தித் துணியிலோ பட்டால் மிகுந்த சூடு உண்டாகும். அது விரல்களை ஒட்டிவிட்டால் பிய்க்கக் கூடாது. வெதுவெதுப்பான சோப்பு நீரில் ஊறவைத்து மெல்ல விடுவிக்க வேண்டும். கண்ணில் பட்டால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

விவசாயிகளுக்கு ஒரு சொல்

மருந்து தெளிப்பானின் ரப்பர் வாஷர் கெட்டால் பசையிட்டு ஓட்டலாகாது. அழுத்தத்தில் அது விட்டுவிட்டால் நஞ்சு முதுகில் வழியும். டிராக்டர் இயந்திரத்தைத் தாங்கும் ரப்பர்ப் பிடிப்புகள் உலோகத்தை விட்டு விலகினால் புதியனவே பொருத்த வேண்டும். உழைக்கும் கருவியில் ரப்பர் மாற்றத்தக்கது. மனித உடல் மாற்றத்தக்கதன்று.

ஊராட்சியின் கடமை

ஒவ்வோர் ஊராட்சியும் தன்னிடமுள்ள பழம்பொருள்களைப் பதிவேட்டில் குறித்தல் வேண்டும். எதனை, எந்நாளில், எந்தப் பசையால் ஒட்டினோம் என்பதையும் அதில் எழுதி வைத்தால், பின்வருவோர்க்கு அதனைப் பிரிக்கும் வழி தெரியும். மிக அரிய பொருளாயின் நாமே கை வைக்காமல், அருகிலுள்ள அரசு அருங்காட்சியகக் காப்பாட்சியரைக் கலந்துகொள்வதே தக்கது. சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் பழம்பொருள்களைப் பேணுவதற்கென வேதியியல் ஆய்வுக்கூடம் 1930 ஆம் ஆண்டில் ஏற்பட்டது. அருங்காட்சியகத்தார் கையாளும் பசைகளுள், அசிட்டோனில் மீண்டும் கரைத்து எடுக்கத்தக்க அக்ரிலிக் பிசின் ஒன்று பெயர் பெற்றது. பலத்தைக் காட்டிலும் திரும்பப் பெறும் வழியையே அவர்கள் பெரிதாக எண்ணுகின்றனர்.

எங்கள் பள்ளி ஹாரனின் குமிழ் இப்பொழுது நூலால் கட்டப்பட்டிருக்கிறது. முறிந்த நாக்கு ஒரு சிறு டப்பாவில், எழுதிய சீட்டோடு அருகில் இருக்கிறது. அடுத்த ஊராட்சியில் அத்தகைய டப்பா ஒன்று தேவைப்படாதிருக்க, பசை வாங்கப் புறப்படுமுன் மேற்கூறிய மூன்று கேள்விகளையும் கேட்டுக்கொள்ளுமாறு உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.