கொறங்காட்டு மாட்டுக்கு பிரஷ் வேண்டுமா?

கேள்வி: மூலனூர்ப் பக்கம் எங்களுக்கு மாடு மேய்ச்சலுக்கு ஆறு ஏக்கர் கொறங்காடு இருக்கிறது. காங்கேயம் பசு இரண்டு, கிடாரி ஒன்று, வளர்ந்த காளைக்கன்று ஒன்று. போன வருசம் கிளுவை வேலியில் ஒரு பக்கத்தை எடுத்துவிட்டுக் கல்லுக்கால் நட்டுக் கம்பி இழுத்தோம். மாடுகள் உரசி உரசியே மூன்று கல்லைச் சாய்த்துவிட்டன. காளைக்கன்றைத் தனிக்காட்டில் விட்டால் நாளெல்லாம் வேலியோரமாகவே நடந்து கத்துகிறது. கிடாரி கந்தல் துணி, பிளாஸ்டிக் என்று எதையாவது மென்றுகொண்டே இருக்கிறது. கோயமுத்தூரில் வேலை பார்க்கும் மகன், "மாட்டுக்குப் பொழுது போகலைப்பா. வெளிநாட்டில் கறிமாட்டுக்குக்கூட பிரஷ், பந்து எல்லாம் வைக்கிறாங்க. வாங்கித் தர்றேன்" என்கிறான். வேல மரத்தில் பாதியை எடுத்தால் புல் கூடும் என்றும் சொல்கிறான். என்ன செய்யலாம்?
– ஒரு வாசகர், மூலனூர்

பதில்: மகன் சொல்வதைச் சிரித்துத் தள்ளிவிடாதீர்கள். மாட்டுக்கு வயிறு நிறைந்தால் போதாது என்பதை அவர் புரிந்துகொண்டிருக்கிறார். பிரிட்டனில் பண்ணை விலங்குகளின் நலம் பற்றி ஆராய்ந்த பிராம்பெல் குழு 1965-இல் கொடுத்த அறிக்கையில், எழ, படுக்க, திரும்ப, கைகால் நீட்ட, தன் உடம்பைத் தானே பேணிக்கொள்ள ஒவ்வொரு விலங்குக்கும் இடம் இருக்க வேண்டும் என்று சொன்னது. ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் மூன்று விஷயங்களையும் 'பொழுது போகவில்லை' என்று ஒரே மூட்டையில் கட்டியதுதான் தவறு. மூன்றுக்கும் காரணம் வேறு வேறு.

முதலில் உரசல். மாட்டின் நாக்கு விலாவுக்கும் தொடைக்கும் எட்டும். நெற்றி, கொம்படி, கழுத்தின் மேல்பக்கம், திமில், வாலடி எட்டாது. அந்த இடங்களை இன்னொரு மாடு நக்கிக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் அசையாத ஒன்றில் தேய்க்க வேண்டும். மேய்ந்து முடித்த பசு கல்லருகே வருவதை ஒரு சாயங்காலம் நின்று பாருங்கள். முதலில் தாடையை வைக்கும். அப்படியே கன்னம், காதடி, கொம்படி என்று மேலே ஏற்றி அழுத்தும். கண் பாதி மூடியிருக்கும். பிறகு திரும்பி நின்று வாலடியைக் கொடுத்து இடமும் வலமுமாக ஆடும். உண்ணி, செத்த முடி, காய்ந்த சேறு எல்லாம் உதிர்கிற வேலை அது. கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தார் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், எடை கட்டிய கதவைத் தள்ளித் திறந்தால்தான் பிரஷ் கிடைக்கும் என்று வைத்துப் பார்த்தார்கள். புதுத் தீவனத்துக்காக எவ்வளவு எடையைத் தள்ளினவோ, ஏறக்குறைய அவ்வளவு எடையைப் பிரஷுக்காகவும் பசுக்கள் தள்ளின.

அதற்காக நீங்கள் மோட்டார் வைத்த பிரஷ் வாங்க வேண்டியதில்லை. அது எந்நேரமும் கொட்டகையிலேயே நிற்கும் கறவைக்கு. நம் முன்னோர்கள் மாடு உரசிக்கொள்ளக் குளத்தங்கரையிலும் கேணி ஓரத்திலும் ஆவுரிஞ்சிக் கல் நட்டார்கள். முப்பத்திரண்டு அறங்களில் அதுவும் ஒன்று. யாழ்ப்பாணத்துச் சாலையோரங்களில் சுமைதாங்கிக்குப் பக்கத்தில் அந்தக் கல்லை இன்றும் பார்க்கலாம். நீங்களும் சாய்ந்த மூன்று கல்லில் தடித்ததாக ஒன்றை எடுங்கள். தரைக்கு மேல் நாலரை, ஐந்தடி நிற்கும்படி, இரண்டடிக்குக் குறையாமல் குழி தோண்டி, கல்லும் மண்ணும் போட்டு இடித்து நடுங்கள். விளிம்பு கூராக இருந்தால் உளியால் மழுக்கிவிடுங்கள். தேங்காய் நார்க்கயிற்றை இறுக்கிச் சுற்றிவிட்டால் இன்னும் நல்லது. ஆணி, கம்பி மட்டும் கூடாது. தொட்டியை ஒட்டியோ மூலையிலோ நடாதீர்கள். மந்தையில் ஆதிக்கம் செய்கிற மாடு அங்கேயே நின்றுகொண்டு மற்றதைத் தண்ணீர் குடிக்க விடாது. பந்து வேண்டாம். புதுப்பொருளை மாடு கொஞ்ச நாள் முகர்ந்து பார்க்கும், அப்புறம் திரும்பியும் பார்க்காது.

ஒரு எச்சரிக்கை. உரசும் இடத்தில் முடி கொட்டி, தோல் தடித்து, இரத்தம் கசிந்தால் அது சுகத்துக்கு உரசுவதல்ல. சொறியோ பேனோ இருக்கிறது. சொறி வந்த மாடு உரசிய கல்லில் மற்றவை உரசினால் அவற்றுக்கும் தொற்றும். நோயைக் குணப்படுத்திவிட்டுத்தான் எல்லாவற்றுக்கும் பொதுவாகக் கல்லை விட வேண்டும்.

காளைக்கன்றின் நடை வேறு கதை. மாடு மந்தைப் பிராணி. தனியே விடப்பட்டால் அதற்குப் பயம், பிறகுதான் மற்றதெல்லாம். பசுக்களோடு சேர்க்க முடியாத வயது என்றால், விதை நீக்கிய ஓர் எருதையோ கன்று ஈனுவதை நிறுத்திவிட்ட பசுவையோ துணைக்கு விடுங்கள். அதுவும் இயலாது என்றால், மற்ற மாடுகள் கண்ணில் படும் பக்கத்துக் காட்டிலாவது விடுங்கள்.

கிடாரி பிளாஸ்டிக் மெல்வதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவே கூடாது. காய்ந்த புல்லில் பாஸ்பரஸ் சத்து குறையும். குறைந்தால் மாடு எலும்பு, துணி, தோல் என்று கிடைத்ததை மெல்லத் தொடங்கும். வடக்கு ஆஸ்திரேலியாவின் கறிமாட்டுப் பண்ணைகளில் இப்படி எலும்பு மென்று, அதிலிருக்கும் நஞ்சால் கால் விளங்காமல் மாடுகள் சாவது பழைய பிரச்சினை. அங்கே இதற்குத் தடுப்பூசியும் தாது உப்பும் கொடுக்கிறார்கள். உங்கள் கிடாரிக்குத் தாது உப்புக் கலவையைத் தினம் 30 கிராம் தவிட்டில் கலந்து வையுங்கள். பசுக்களுக்கு 50 கிராம் வரை கொடுக்கலாம். கம்பி வேலி இழுத்தபோது வெட்டிப்போட்ட துண்டுகள் காட்டில் கிடக்கும். அவற்றை இன்றே பொறுக்குங்கள். விழுங்கிய கம்பி வயிற்றின் இரண்டாம் அறையில் தங்கும். அங்கிருந்து இதயம் வெகு பக்கம். குத்திவிட்டால் காப்பாற்றுவது கடினம்.

இனி மரம். இதில் மகனோடு எனக்கு உடன்பாடு இல்லை. உங்கள் காட்டிலிருக்கும் கொழுக்கட்டைப் புல்தான் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் கறிமாடு மேயும் முக்கியமான புல். 1870-களில் ஒட்டகச் சேணங்களின் திணிப்பில் ஒட்டிக்கொண்டு அது அந்தக் கண்டத்துக்குப் போனது. அதை விதைப்பதற்காக அங்கே பிரிகலோ என்ற மரக்காட்டை, நம் வேல மரத்தின் தூரத்துச் சொந்தத்தை, பல லட்சம் ஏக்கரில் அழித்தார்கள். 1960-களில் அரசே திட்டம் போட்டு இதைச் செய்தது. பிறகு மரம் வெட்டுவதைக் கட்டுப்படுத்த 1999-இல் சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது. உங்களிடம் புல்லும் வேலும் ஒன்றாகவே இருக்கின்றன. வெள்வேலின் இலை சிறியது, நிழல் கனமில்லாதது. அதன் அடியிலும் புல் வளரும். கோடையில் உதிரும் காய் ஆடுமாட்டுக்குத் தீனி. காங்கேயம் மாடு வெயில் தாங்கும் என்பது உண்மைதான், ஆனால் தாங்குவதும் சுகமாக இருப்பதும் ஒன்றல்ல. மாடு ஒரு நாளில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் படுக்க விரும்பும். வெட்டவெளியில் உச்சிவெயிலில் படுக்காது, நின்றே தவிக்கும். மரத்தைக் குறைத்தால் மிஞ்சிய நிழலை வலுத்த மாடு பிடித்துக்கொள்ளும். கிடாரி வெயிலில் நிற்கும்.

கிளுவை வேலியின் அருமையும் பலருக்குத் தெரிவதில்லை. ஈனும் நேரத்தில் பசு மந்தையை விட்டு ஒதுங்கி மறைவு தேடும்; ஈன்ற பின் சில நாள் கன்றை ஒளித்து வைக்கும். அந்த மறைவைக் கம்பி வேலி தராது. காற்றையும் தடுக்காது. எடுத்த பக்கத்தில் மழைக்கு முன் கிளுவைப் போத்து நடுங்கள். அது தழையும் வரை கம்பி இருக்கட்டும்.

தண்ணீர் பற்றி நீங்கள் எழுதவில்லை. கோடையில் ஒரு பசு நாளைக்கு 40, 50 லிட்டர் குடிக்கும். தொட்டி தூரத்தில் இருந்தால் மந்தை மொத்தமாகப் போகும், மொத்தமாகத் திரும்பும். கடைசியாக வந்த கிடாரி ஒரு வாய் குடிப்பதற்குள் மற்றவை கிளம்பிவிடும். அதுவும் தாகத்தோடே பின்னால் ஓடும். நான்கும் ஒன்றாக நின்று குடிக்கும் நீளத்தில் தொட்டி கட்டி, அவ்வப்போது சுண்ணாம்பு அடியுங்கள்.

வண்டி இழுக்க வளர்த்தாலும், பாலுக்கோ கறிக்கோ வளர்த்தாலும், இங்கிருந்து பொள்ளாச்சிச் சந்தை வழியாகக் கேரளாவுக்கே போனாலும், உங்கள் காட்டில் இருக்கிற வரை மாட்டுக்குத் தேவை இவைதான். பிரஷுக்கு ஒதுக்கிய பணத்தை மகன் தாது உப்புக்கும் தொட்டிக்கும் கொடுக்கட்டும். கல் நட்டு, உப்பு வைத்து ஒரு மாதம் பாருங்கள். கிடாரி அதற்குப் பிறகும் பிளாஸ்டிக் மென்றாலோ, தீனி குறைந்து முதுகை வளைத்து நின்றாலோ காத்திருக்காமல் பக்கத்துக் கால்நடை மருந்தகத்துக்கு ஓட்டிப் போங்கள்.