முதன்முறை இரத்ததானம் செய்வோர்க்கு

18 வயது பூர்த்தியாகி, சரீர எடை 45 கிலோவுக்கும் ஹீமோகுளோபின் 12.5 கிராமுக்கும் குறையாதிருக்கும் மும்பையின் தாராவி, மாதுங்கா, செம்பூர் வாலிபர்கள், சயான் ஆஸ்பத்திரியின் இரத்த வங்கியை நாடலாம். 350 மில்லி எடுக்கப் பொதுவாகப் பத்து நிமிஷமே ஆகுமெனினும், வெறும் வயிற்றோடு போனால் மயக்கம் வரக்கூடுமாதலால், மாதுங்காவில் நாலு இட்டிலி தின்று, ஜலமும் நிறையக் குடித்துச் செல்வது உசிதம். மழைக்காலத்தில் மலேரியா கண்டவர் பூரண குணமாகி மூன்று மாதமும், பச்சை குத்திக்கொண்டவர் ஓராண்டும் பொறுக்க வேண்டும். டாக்டர் விசாரிக்கையில் இவற்றை மறைப்பதைத் துரோகமென்றே சொல்வேன். ஊசியை எடுத்ததும் துள்ளியெழாமல், தரும் பிஸ்கட்டைச் சாவதானமாகத் தின்று, கால் மணி நேரம் இளைப்பாறி, அன்று ஒருநாளாவது லோக்கல் ரயிலின் வாசலில் தொங்காமல் உள்ளே உட்கார்ந்து வீடு திரும்புக. மறுபடி கொடுக்க ஆண்களுக்கு 90 நாளும் பெண்களுக்கு 120 நாளும் இடைவெளி வேண்டும்.