கிணற்று ஜலத்தில் புளோரைடு

தெளிவாகத் தோன்றும் கிணற்று ஜலமெல்லாம் குடிப்பதற்கு உகந்ததன்று. சில பாறைகளிலிருந்து கரையும் புளோரைடு என்னும் உப்பு, ஜலத்தில் நிறமோ மணமோ காட்டுவதில்லை. இதனால் மனிதர்க்கு உண்டாகும் எலும்பு நோய், அக்காலத்தில் சென்னை மாகாணத்தில் அடங்கியிருந்த நெல்லூர் ஜில்லாவில் 1937-ஆம் வருஷம் கண்டறியப்பட்டது. தர்மபுரி, கிருஷ்ணகிரி ஜில்லாக்களிலும் இத்தோஷம் உண்டு.

லிட்டர் ஒன்றுக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேற்பட்ட புளோரைடு உள்ள ஜலத்தைப் பல்லாண்டு அருந்திவரின், குழந்தைகளின் பற்களில் பழுப்புக் கறை தோன்றும். அளவு மிக அதிகமாயின் முதுகும் மூட்டுகளும் விறைத்து, உழவு வேலைக்குக் குனியவும் இயலாமற் போகும்.

தேற்றான்கொட்டையும் மணல் வடிகட்டியும் கலங்கலை நீக்கும். கொதிக்கவைத்தல் கிருமிகளைக் கொல்லும். புளோரைடோ இவற்றால் நீங்காது. ஜலம் சுண்டச் சுண்ட அதன் செறிவு அதிகரிக்கவே செய்யும்.

சுண்ணாம்பும் படிகாரமும் சேர்த்து, மெதுவாகக் கலக்கி, ஒரு மணி நேரம் தெளியவிட்டு, அடிமண்டி கலவாமல் மேல் ஜலத்தை இறுத்துக்கொள்வது ஒரு பரிகாரம். அவற்றின் அளவு கிணற்றுக்குக் கிணறு வேறுபடுமாதலால், ரசாயனப் பரிசோதனைக்குப் பின்னரே அதை நிர்ணயிக்க வேண்டும். சுத்தமான கூரையிலிருந்து சேகரித்த மழை ஜலத்தைக் காய்ச்சி அருந்துவதும் நன்று.

ஆதலின் கிராம உத்தியோகஸ்தர்கள் குடிநீர்க் கிணறு ஒவ்வொன்றையும் பரிசோதிப்பித்து, தோஷமுள்ளவற்றில் யாவரும் அறியுமாறு அடையாளமிடுதல் அவசியம். அக்கிணறுகளின் ஜலம் துணி துவைத்தல் முதலியவற்றுக்கு உபயோகமாகும்.