கட்டைப் பிரிக்காதீர்கள்: குடும்பக் கடிதங்களைத் தொகுக்கும் வேலைக்கு ஒரு வழிகாட்டி

கோட்டக்குப்பத்தில் ஒரு பழைய வீட்டை இடித்துக் கட்டப்போகிறார்கள் என்றால் பரணிலிருந்து ஒரு தகரப் பெட்டி இறங்கும். நிலப் பத்திரம், பாஸ்போர்ட், நகைக்கடை ரசீது எல்லாம் பத்திரமாகத் தனியே போய்விடும். மிச்சமிருக்கும் கடிதக் கட்டு பழைய பேப்பர்காரரின் தராசுக்குப் போகும். அந்தப் பெட்டிக்கும் தராசுக்கும் நடுவே போய் நிற்க ஒரு ஆள் வேண்டும். அந்த வேலையைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

இது பொழுதுபோக்கு அல்ல, சம்பளம் வாங்கிச் செய்யும் வேலை. தாத்தாவின் கடிதங்களைப் புத்தகமாகப் பார்க்க ஆசைப்படும் வெளிநாட்டுப் பேரப்பிள்ளைகள் பணம் தருகிறார்கள். நூற்றாண்டு மலர் போடும் பள்ளிக்கூடங்கள், மருத்துவமனைகள், அறக்கட்டளைகள் தருகின்றன. ஆய்வு நிறுவனங்கள் திட்ட அடிப்படையில் ஆள் எடுக்கின்றன. டாடா குழுமம் 1991-இல் தொடங்கிய தன் ஆவணக் காப்பகத்தை இப்போது புனேயில் வைத்திருக்கிறது. பெரிய கம்பெனிகளுக்கும் பழைய கடிதங்களைப் படிக்கத் தெரிந்தவர்கள் தேவைப்படுகிறார்கள்.

இந்தக் கரையில் பிறந்தவர்களுக்கு இதில் ஒரு கூடுதல் வசதி உண்டு. புதுச்சேரியின் முத்தியால்பேட்டையைத் தாண்டினால் நம்மூர். 1954 நவம்பர் 1 வரை பக்கத்துத் தெருவில் பிரெஞ்சு ஆட்சி நடந்தது. முன்பு சைகோன், பிறகு பிரான்ஸ், அதன்பின் வளைகுடா என்று இங்கிருந்து ஆட்கள் போய்க்கொண்டே இருந்தார்கள், கடிதங்கள் வந்துகொண்டே இருந்தன. தமிழ் எழுத்தில் இருக்கும், பிரெஞ்சில் இருக்கும், அரபு எழுத்தில் தமிழை எழுதிய அரபுத் தமிழிலும் இருக்கும். இந்த மூன்றில் இரண்டைப் படிக்கத் தெரிந்த பட்டதாரிக்கு ஈடான ஆள் சென்னையில்கூடச் சுலபமாகக் கிடைக்கமாட்டார். அரபுத் தமிழ் தெரிந்த பெரியவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால் இந்த மாதமே அவர்களிடம் உட்கார்ந்து கற்றுக்கொள்ளுங்கள். எந்தப் படிப்புக்கும் முன்னால் அதைத்தான் சொல்வேன்.

இனி முதல் பாடம். நான் இதைத் தவறு செய்துதான் கற்றேன்.

வெளிநாட்டில் கடை வைத்திருந்த ஒருவர், ஊரில் ஒரு பள்ளிக்கூடம் கட்டப் பணம் கொடுத்தவர். அவருடைய கடிதங்களைத் தொகுத்துத் தரும்படி ஓர் அமைப்பு கேட்டது. "பொது விஷயம் மட்டும் போதும், வீட்டு விஷயம் வேண்டாம்" என்றார்கள். நானும் தலையாட்டிவிட்டுத் தரையில் பாய் விரித்து இரண்டு குவியலாகப் பிரித்தேன். பள்ளிக்கூடம், தானம், சங்கம் ஒரு பக்கம். உடம்பு சரியில்லை, சீட்டுப் பணம், கல்யாணப் பேச்சு மறுபக்கம். இரண்டும் கலந்த கடிதங்களில் பொது விஷயத்தை மட்டும் படியெடுத்துக்கொண்டு தாளை வீட்டுக் குவியலில் போட்டேன். மூன்று நாளில் வேலை முடிந்தது. பெருமையாகவும் இருந்தது.

ஒரு வாரம் கழித்து அந்த வீட்டுப் பெரியம்மா ஒரு வான்கடிதத்தை எடுத்து நீட்டினார். "தம்பி, மடிப்புல எழுதினதப் படிச்சீங்களா?" என்றார். நான் படிக்கவில்லை. அவருடைய அம்மா, வெளிநாட்டிலிருந்த கணவருக்கு எழுதியது. நடுப்பக்கத்தில் பிள்ளையின் காய்ச்சல். பசை தடவி ஒட்டும் மடிப்பில், இடம் போதாமல் எழுத்தைச் சிறிதாக்கி நான்கு வரி: அனுப்பிய பணம் இன்னும் கைக்கு வரவில்லை, ஓடு வந்து இறங்கிவிட்டது, கொத்தனார் கூலிக்கு வளையலை அடகு வைத்துவிட்டேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். பள்ளிக்கூடத்துக்கு ஓடு போட்டது யார் என்பது அந்த மடிப்பில் இருந்தது. நான் அதை "வீடு" என்று எழுதிய அட்டைப்பெட்டிக்குள் போட்டிருந்தேன். எந்தக் கடிதம் எந்தக் கட்டில் எந்த வரிசையில் இருந்தது என்று நான் குறித்துவைக்கவும் இல்லை. பழைய வரிசையை ஓரளவு மீட்க எட்டு மாதம் ஆயிற்று.

அதனால் சொல்கிறேன்: வந்த கட்டு வந்தபடியே இருக்கட்டும். எந்த நூலால் கட்டியிருந்தது, எதற்கு அடியில் எது இருந்தது என்பதைக் கை வைப்பதற்கு முன்பே போட்டோ எடுங்கள், பென்சிலால் எண் போடுங்கள். ஆவணக் காப்பகப் படிப்பில் இதை மூல வரிசை என்று கற்றுக்கொடுப்பார்கள். அந்தப் பெயரைக் கேட்பதற்கு முன்பே எனக்கு அதன் வலி தெரிந்துவிட்டது.

கொடையாளர்களின் கடிதங்களில் பொது விஷயமும் வீட்டு விஷயமும் எப்போதும் இப்படிக் கலந்தே இருக்கும். எலிசபெத் ஃபிரையை எடுத்துக்கொள்ளுங்கள். 1780-இல் இங்கிலாந்தின் நார்விச்சில் பிறந்தவர், குவேக்கர் சபைக்காரர். பாதிரியார் இல்லாமல் மௌனமாகக் கூடி வழிபடும் கிறிஸ்தவப் பிரிவு அது. 1813-இல் லண்டன் நியூகேட் சிறைக்குள் போன ஃபிரை, பெண் கைதிகள் தங்கள் குழந்தைகளோடு அடைபட்டுக் கிடந்த கோலத்தைப் பார்த்தார். 1817-இல் அவர்களுக்காக ஒரு சங்கம் தொடங்கினார். அடுத்த ஆண்டு நாடாளுமன்றக் குழுவின் முன் சாட்சி சொன்னார். இவ்வளவும் செய்தவருக்கு 11 பிள்ளைகள். பிள்ளைகளைக் கவனிக்காமல் சிறைக்குச் சிறை அலைகிறார் என்ற பேச்சையும் கேட்டார். 1828-இல் கணவரின் வங்கி நொடித்து, பெரிய வீட்டைவிட்டு இறங்க வேண்டிவந்தது. 1845-இல் ஃபிரை இறந்தார். இரண்டே ஆண்டில், 1847-இல், மகள்கள் இருவர் அம்மாவின் நாட்குறிப்பிலிருந்தும் கடிதங்களிலிருந்தும் பகுதிகளைத் தேர்ந்தெடுத்து இரண்டு தொகுதிகளாக வெளியிட்டார்கள். அந்த வீட்டுக் கணக்குத் தெரியாமல் அவருடைய சிறைப்பணியை முழுசாகப் புரிந்துகொள்ள முடியாது. மகள்கள் தேர்ந்தெடுத்தார்கள் என்பதையும் படிப்பவர் மறக்கக்கூடாது. சொந்தப் பிள்ளைகள் தொகுக்கும்போது அன்பும் இருக்கும், கத்தரிக்கோலும் இருக்கும். வெளி ஆளாகிய உங்களைக் கூப்பிடுவதற்கு ஒரு காரணம் இதுதான்.

நம் பக்கத்தில் நான் அடிக்கடி நினைத்துக்கொள்ளும் பெயர் டி.என். ஜகதீசன். தொழுநோயைத் தன் உடம்பிலேயே அனுபவித்தவர், ஆங்கில ஆசிரியர். விழுப்புரம் பக்கம் மழவந்தாங்கலில் கஸ்தூர்பா பெயரில் அமைந்த தொழுநோய் நிலையத்துக்கும் தொழுநோயாளர் சேவைக்கும் தன் வாழ்நாளைக் கொடுத்தவர். 1957-இல் பத்மஸ்ரீ பெற்றார். அவரே 1944-இல் அரசியல் தலைவர் வி.எஸ். ஸ்ரீநிவாச சாஸ்திரியின் கடிதங்களைத் தொகுத்து வெளியிட்டார், சாஸ்திரி உயிரோடு இருக்கும்போதே. இது எவ்வளவு அலைச்சல் என்று இந்த வேலையில் இருப்பவருக்குத் தெரியும். ஒருவர் எழுதிய கடிதம் அவர் வீட்டில் இருக்காது, வாங்கியவர்கள் வீட்டில் இருக்கும். ஒவ்வொருவரிடமும் போய்க் கேட்டு வாங்க வேண்டும். உ.வே. சாமிநாதையர் விஷயம் இதற்கு நேர்மாறு. தமக்கு வந்த கடிதங்களை அவர் பத்திரப்படுத்தி வைத்திருந்தார். அதனால்தான் ஆ.இரா. வேங்கடாசலபதி 1877 முதல் 1900 வரையிலானவற்றைக் கடிதக் கருவூலம் என்று முதல் தொகுதியாகப் பதிப்பிக்க முடிந்தது. ஆக, ஒரு பெட்டியைத் திறந்ததும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: இது வந்த கடிதமா, போன கடிதமா? மறுபாதி எந்த ஊரில், யார் பரணில் இருக்கிறது? எங்கள் வளையல் கடிதம் கிடைத்ததே, கணவர் ஊர் திரும்பும்போது மனைவியின் கடிதங்களைக் கட்டித் தூக்கிவந்ததால்தான்.

இப்போது கைவேலைக்கு வருவோம். மரக்காணம் உப்பளத்துக் காற்றுதான் நமக்கு முதல் எதிரி. உப்பு ஈரத்தை இழுக்கும். ஈரத்தில் குண்டூசியும் கிளிப்பும் துருப்பிடித்துத் தாளை அரிக்கும். முதல் நாள் முழுக்க ஊசி எடுப்பதிலேயே போனாலும் பரவாயில்லை. பிடுங்காதீர்கள். தாளைத் திருப்பிப் போட்டு, ஊசியின் காலை மெல்ல நிமிர்த்தி, வழுக்கி எடுங்கள். செலோடேப்பைத் தொடவே வேண்டாம். சில வருடத்தில் மஞ்சளாகிப் பசை தாளுக்குள் இறங்கிவிடும். லேமினேஷன் அதைவிட மோசம், போட்டால் திரும்ப எடுக்க முடியாது. அமிலம் இல்லாத தாளில் சுற்றி, அட்டைப்பெட்டியில் வைத்து, தரையிலிருந்து ஓரடி உயரத்தில், வெளிச்சுவரை ஒட்டாமல் வையுங்கள். அந்துருண்டை போட்டு மூடுவதைவிட மாதம் ஒருமுறை திறந்து பார்ப்பது மேல். ராமபாணப் பூச்சி ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில்தான் குடியேறும்.

ஸ்கேன் 400 டிபிஐக்குக் குறையக் கூடாது. மூலப் படத்தை டிஃப் வடிவிலும், குடும்பத்துக்கு அனுப்புவதை ஜேபெக் வடிவிலும் வையுங்கள். உறை, முத்திரை, பின்பக்கம், மடிப்பு எதையும் விடாதீர்கள். வெற்றுப் பக்கம் என்று தோன்றினாலும் ஸ்கேன் செய்யுங்கள். மூன்று பிரதிகள், அதில் ஒன்று வேறு ஊரில். தானே புயலை 2011 டிசம்பரில் பார்த்த ஊர்க்காரர்களுக்கு இதன் காரணத்தைச் சொல்லத் தேவையில்லை.

இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்தது தேதி கண்டுபிடிப்பது. பாதிப் பேர் தேதி போடமாட்டார்கள். "வெள்ளிக்கிழமை, மஃரிபுக்குப் பிறகு" என்று மட்டும் இருக்கும். ஆனால் தாள் பேசும். தபால்தலையில் நயா பைசா என்று இருந்தால் 1957-க்குப் பிந்தியது. முகவரியில் ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்ட் 15-க்குப் பிந்தியது. மெட்ராஸ் ஸ்டேட் என்று எழுதியிருந்தால் பெரும்பாலும் 1969 ஜனவரிக்கு முந்தியது. பெரும்பாலும் என்கிறேன், ஏனென்றால் பழக்கம் சட்டென்று மாறாது. தென்னாற்காடு மாவட்டம் என்றிருந்தால் 1993-க்கு முன் என்று ஊகிக்கலாம். அச்சிட்ட அழைப்பிதழ் கூடவே இருந்தால் லை, ணை, றா எழுத்துகளைப் பாருங்கள். பழைய கொம்பும் சுழியுமாக இருந்தால் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தியதாக இருக்கலாம். தலைப்பில் 786 இருக்கிறதா, பிள்ளையார் சுழி இருக்கிறதா, சிலுவைக் குறி இருக்கிறதா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். படியெடுக்கும்போது பிழையைத் திருத்தாதீர்கள். "அவ்விடம் சொகம்" என்று எழுதியிருந்தால் சொகம்தான், அதைச் சுகமாக்க நமக்கு உரிமை கிடையாது.

உரிமை என்றதும் சட்டம். பலரும் இடறும் இடம் இது. கடிதத் தாள் அதை வாங்கியவருக்குச் சொந்தம். அதிலுள்ள எழுத்தின் பதிப்புரிமை எழுதியவருக்கும், அவருக்குப் பின் வாரிசுகளுக்கும் சொந்தம். 1957-இன் பதிப்புரிமைச் சட்டப்படி பொதுவாக எழுதியவரின் ஆயுளுக்குப் பிறகு 60 ஆண்டுகள். அவர் இறந்தபிறகு முதன்முறை வெளியாகும் எழுத்து என்றால் வெளியான பிறகு 60 ஆண்டுகள். எனவே பெட்டியைக் கொடுத்தவர் சரி என்றார் என்று புத்தகம் போட்டுவிடக் கூடாது. எழுதியவரின் வாரிசுகளிடம் கையெழுத்து வாங்குங்கள். பாரிஸில் ஒரு மகள், துபாயில் ஒரு மகன், இங்கே ஒரு மருமகள் என்றால் மூன்று கையெழுத்து. வேலைக்கான ஒப்பந்தத்தில் எத்தனை தாள், எத்தனை பிரதி, மூலம் எப்போது திரும்பும், எது வெளியே போகலாம், எது கூடாது என்று எழுதிக்கொள்ளுங்கள். கூலியைத் தாள் கணக்கில் பேசாதீர்கள். அச்சுப்போன்ற கையெழுத்தும் காப்பிப் பென்சிலில் மங்கிய கிறுக்கலும் ஒரே தாள்தான், உழைப்பு பத்து மடங்கு. நாள் கணக்கில் பேசுங்கள், மூன்றில் ஒரு பங்கு முன்பணம் வாங்குங்கள்.

முறையாகப் படிக்க விரும்பினால், தேசிய ஆவணக் காப்பகத்தின் ஆவணவியல் பள்ளி புதுதில்லியில் ஓராண்டு டிப்ளமோவும் சில குறுகிய காலப் பயிற்சிகளும் நடத்துகிறது. வரலாறு முதுகலை முடித்தவர்களுக்கு ஏற்றது. தகுதியை அந்தந்த ஆண்டு அறிவிப்பில் பாருங்கள். அதே காப்பகத்தின் ஆவண மையம் ஒன்று புதுச்சேரியில், பஸ் ஏறினால் அரைமணியில் போய்விடும் தூரத்தில் இருக்கிறது. 1955-இல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனமும் அங்கேதான். சென்னைக்குப் போனால் எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம், தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். ஒரு நாள் வெறுமனே உட்கார்ந்து அவர்கள் தாளை எப்படிப் புரட்டுகிறார்கள் என்று பாருங்கள். விண்ணப்பத்தோடு சான்றிதழை மட்டும் அனுப்பாமல், உங்கள் சொந்த வீட்டுக் கட்டு ஒன்றில் 50 கடிதங்களை எண் போட்டு, பட்டியலிட்டு, படியெடுத்து மாதிரியாக இணையுங்கள். ஆள் எடுப்பவர்கள் கேட்பது அதைத்தான்.

கடைசியாக, எல்லா வீட்டிலும் ஒரு கடிதம் இருக்கும். அதைப் படித்ததும் அறையில் பேச்சு நின்றுவிடும். "இதைக் கிழிச்சுப் போட்டுருங்க" என்பார்கள். கிழிக்காதீர்கள், வாதாடவும் வேண்டாம். ஒரு தனி உறை எடுத்து அதில் வைத்து, பட்டியலில் எண்ணை மட்டும் எழுதி, எந்த ஆண்டுவரை மூடியிருக்க வேண்டும் என்று அவர்களையே கேளுங்கள். அந்தப் பெரியம்மா அப்படி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் யோசித்தார். "என் பேத்திக்கு இப்ப ஆறு வயசு. அவ என் வயசுக்கு வரட்டும்" என்றார். ஆண்டைக் கூட்டிப் பார்த்து உறையின் மேல் பென்சிலால் 2084 என்று எழுதினேன். அவர் அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டார்.