மூச்சுக் குழாயில் விழும் வடு
(அங்கத்தினர் கல்விப் பாடம்)

உழைப்பவனுக்கு உடலே மூலதனம். நூலும் விதையும் கடனும் சங்கம் தரலாம். கெட்டுப்போன மூச்சைத் திருப்பித் தரச் சங்கத்தால் இயலாது. ஆதலின், ஆஸ்துமா என்னும் இரைப்பு நோயில் மூச்சுக் குழாய் எவ்வாறு நிலையாகக் கெடுகிறது என்பதை அங்கத்தினர் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் அவசியம்.

1. குழாயின் அமைப்பு

மூச்சுக் குழாயின் உட்புறம் மெல்லிய தோல் போன்ற படலத்தால் ஆனது. அதன் அடியில் நார்ச் செல்கள் இருக்கின்றன. இவற்றை மருத்துவர் ஃபைப்ரோபிளாஸ்ட் என்பர். கொல்லாஜன் என்னும் இழையை உண்டாக்கிக் குழாய்ச் சுவருக்கு வலுவூட்டுவது இவற்றின் தொழில். தறியில் இழை அறுந்தால் கோத்துச் சரிசெய்யும் நெசவாளருக்கு இவற்றை ஒப்பிடலாம்.

2. பழுது பார்க்கும் செல்லே பழுது செய்தல்

தூசியோ ஒவ்வாத பொருளோ மேற்படலத்தை அடிக்கடி புண்படுத்தினால், அப்படலத்திலிருந்தும் அங்கு வந்து சேரும் வெள்ளணுக்களிலிருந்தும் சில வேதிப் பொருள்கள் சுரக்கின்றன. அவற்றுள் முதன்மையானது டி.ஜி.எஃப். பீட்டா. இதன் தூண்டுதலால் நார்ச் செல் தன் இயல்பு மாறி, தசையைப் போல் சுருங்கும் ஆற்றலையும் பெற்று, மிகுதியாக இழை நூற்கத் தொடங்குகிறது. ஆறும் புண்ணில் இத்தகைய செல் இருப்பதை 1971இல் காபியானியும் அவருடைய தோழர்களும் விளக்கினர். புண் ஆறியதும் இச்செல்கள் மறைவதே இயற்கை. இரைப்பு நோயிலோ புண் ஓய்வதில்லை. எனவே செல்லும் ஓய்வதில்லை. அளவுக்கு மீறி இழை கோத்த இடம் தடித்துத் துணியின் குழைவு போய்விடுவதைப் போலவே, குழாய்ச் சுவரும் தடித்து விறைக்கிறது.

இங்கிலாந்தின் சவுதாம்ப்டன் நகரில் ரோச் முதலிய ஆராய்ச்சியாளர், மேற்படலத்தின் அடியில் கொல்லாஜன் படிவதே இத்தடிப்பு என்று 1989இல் காட்டினர். நலமுள்ளவரிடம் சுமார் 5 மைக்ரான் கனமுள்ள இவ்வடுக்கு, நோயாளிகளிடம் 7 முதல் 23 மைக்ரான் வரை காணப்படுகிறது. மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அளவு சிறிதெனினும், தசைத் தடிப்பும் சளியும் உடன் சேரும்போது குறுகிய குழாயில் அது பெரும் வேறுபாட்டை விளைவிக்கும்.

3. இழுப்பே வடுவை வளர்த்தல்

அதே நகரில் நடந்து 2011இல் வெளியான ஆராய்ச்சி ஒன்று நமக்கு மிக முக்கியமானது. மருந்தினால் மூச்சுக் குழாயைச் சுருங்கச் செய்தபோது, ஒவ்வாமையால் பெருகும் வெள்ளணுக்கள் கூடாமலே, சில நாட்களில் கொல்லாஜன் அடுக்குத் தடித்தது. முன்னதாகவே குழாயை விரிக்கும் மருந்தைக் கொடுத்தவர்களுக்கு அவ்வாறு தடிக்கவில்லை. ஆகவே, “இழுப்பு வரும், போகும்” என்று அசட்டையாக இருத்தல் தகாது. இழுப்பு நின்ற பின்னும் அதன் சுவடு நிற்கக்கூடும்.

4. நம் வட்டாரத்திற்குரிய செய்தி

வடக்குப்பட்டிலும் ஒரகடத்தைச் சூழ்ந்த ஊர்களிலும் ஒரு வீட்டில் தந்தை வயலிலும் மகன் ஆலையிலும் உழைப்பதைக் காண்கிறோம். கார்களுக்கு அடிக்கும் இருகலவை வண்ணப்பூச்சிலும், இருக்கை மெத்தைக்கான நுரைப்பஞ்சு செய்வதிலும் ஐசோசயனேட் என்னும் பொருள்கள் பயன்படுகின்றன. தொழில்வழி ஆஸ்துமாவுக்கு இவை உலகறிந்த காரணங்கள். சாயமிடுவோருக்கு ரியாக்டிவ் சாயப் பொடியும் அத்தகையதே. நூற்பாலைப் பஞ்சுத் தூசியால் வரும் பிசினோசிஸ் வேறு நோய். வார விடுமுறை கழிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் நெஞ்சு இறுகுவது அதன் அடையாளம்.

ஐசோசயனேட்டால் நோயுற்ற தொழிலாளரை இத்தாலிய மருத்துவர்கள் ஆராய்ந்து 1992இல் முடிவை வெளியிட்டனர். அப்பொருளைவிட்டு விலகி ஆறு திங்கள் கழிந்தபின், தடித்த அடுக்கு மெலிந்தது. நார்ச் செல்களின் எண்ணிக்கையும் குறைந்தது. ஆயினும், பலருக்கு மூச்சுக் குழாயின் மிகையுணர்ச்சி நீங்கவில்லை. விலகினால் பயன் உண்டு. காலந்தாழ்த்தினால் முழுப் பயன் இல்லை என்பதே இதன் பாடம்.

5. செய்யத்தக்கவை

(அ) படிந்த வடுவை முற்றிலும் அகற்றும் மருந்து இன்றுவரை இல்லை. புண்ணைத் தணிப்பதே வழி. அதற்குரியது மருத்துவர் குறிக்கும் உறிஞ்சு ஸ்டீராய்டு மருந்து. இது மைக்ரோகிராம் அளவில் நேரே குழாய்க்குச் செல்வது, பழக்கத்திற்கு அடிமையாக்குவதன்று. இழுப்பு வந்தபோது மட்டும் சால்புட்டமால் இழுத்துக் காலம் கடத்துவது போதாதென்று 2019 முதல் உலக ஆஸ்துமா வழிகாட்டி நெறிகள் கூறுகின்றன.

(ஆ) வரவு செலவு எழுதுவதைப் போல் மூச்சுக்கும் குறிப்பேடு வையுங்கள். எந்த நாள், என்ன வேலை, இரவில் இருமல் உண்டா, விடுமுறையில் குறைந்ததா என்று எழுதி மருத்துவரிடம் காட்டுங்கள். விடுமுறையில் நலமும் வேலையில் துன்பமும் மாறிவரின், தொழிலையே ஐயுற வேண்டும்.

(இ) துணி முகமூடி ஆவியைத் தடுக்காது. ஆலையில் முறையான சுவாசக் கருவியைக் கேட்டுப் பெறுங்கள்.

(ஈ) 1948ஆம் ஆண்டு ஈ.எஸ்.ஐ. சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் தொழில்வழி ஆஸ்துமா தொழில்நோயாக இடம்பெற்றது. ஆகவே, நோயை மறைப்பது உரிமையை இழப்பதாகும்.

(உ) 1928இல் டாக்டர் சௌரி முத்து தொடங்கிய தாம்பரம் சானடோரியம், இன்று அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையாக நமக்கு அண்மையிலேயே இருக்கிறது.

சங்கக் கூட்டத்தில் ஆராய வேண்டிய வினாக்கள்

1. பழுது பார்க்கும் செல் எப்பொழுது கேடு செய்கிறது?
2. இழுப்பு இல்லாத நாளிலும் மருந்து ஏன் வேண்டும்?
3. நம் அங்கத்தினர் வீடுகளில் தூசியிலும் சாயத்திலும் வண்ண ஆவியிலும் உழைப்போர் எத்தனை பேர்? அவர்களுள் இரவில் இருமுவோர் யார்?

மூன்றாம் வினாவுக்கு விடை எழுதி முடித்த பிறகே கூட்டத்தைக் கலையுங்கள்.