பழனிக்கு முன்னே 25 மலைகள்

தை பிறந்துவிட்டால் திண்டுக்கல் - பழனி சாலையில் இரவு பகல் பாராமல் பாதயாத்திரைக் கூட்டம் செல்வதைப் பார்த்திருப்பீர்கள். இம்முறை வீட்டாருடன் நீங்களும் நடக்க எண்ணியிருக்கலாம். தூரம் ஏறத்தாழ 60 கிலோமீட்டர். மலை கடைசியில்தானே வருகிறது என்று நினைக்கிறீர்களா?

சமதளத்தில் நடக்கும்போது புவியீர்ப்புக்கு எதிராகச் செய்யும் வேலை பூஜ்யம் என்று பாடத்தில் படிக்கிறோம். பிறகு கால் ஏன் வலிக்கிறது? நண்பன் ஒருவனைச் சுவரோரமாக நடக்கச் சொல்லி, அவன் தலையைக் கவனியுங்கள். ஒவ்வோர் அடிக்கும் அது ஏறி இறங்கும். உடலின் ஈர்ப்பு மையம் ஓர் அடிக்குச் சுமார் 4 சென்டிமீட்டர் உயர்கிறது. கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 1500 அடிகள் என்றால் ஏற்றம் 60 மீட்டர். 60 கிலோமீட்டருக்கு 3600 மீட்டர்! பழனி மலையின் உயரமோ சுமார் 140 மீட்டர்தான். அடிவாரம் சேருமுன்பே 25 பழனி மலைகளை ஏறி இறங்கிவிடுகிறீர்கள்.

நல்லவேளையாக, இவ்வளவு ஆற்றலையும் தசைகள் புதிதாகத் தரவேண்டியதில்லை. ஊன்றிய கால் ஒரு தலைகீழ் ஊசல். உடல் அதன்மேல் உயரும்போது இயக்க ஆற்றல் நிலை ஆற்றலாகிறது. தாழும்போது அது இயக்க ஆற்றலாகத் திரும்புகிறது. இயல்பான நடையில் பாதிக்கு மேல் இவ்வாறு மீள்கிறது. மணிக்கு 4 முதல் 5 கிலோமீட்டர் வேகத்தில் இது நன்றாக நடைபெறும். மிக விரைந்தாலும் மிகத் தயங்கினாலும் ஊசல் கெடும். மாமாவின் வேகத்துக்கு ஈடுகொடுக்க ஓட்டமும் நடையுமாகப் போகும் பையன்தான் முதலில் உட்காருவான். ஆகவே ஒரு மாதம் முன்பே, தூரம் தெரிந்த ஒரு சாலையில் கடிகாரத்துடன் நடந்து, பேசிக்கொண்டே போகக்கூடிய உங்கள் வேகத்தைக் கண்டுபிடியுங்கள். தூரத்தை வாரந்தோறும் சிறிது கூட்டுங்கள்.

பையின் எடையையும் தராசில் பாருங்கள். உங்கள் எடை 50 கிலோகிராம், பை 5 கிலோகிராம் என்றால், பத்தில் ஒரு பங்கு சுமை கூடுகிறது. அதாவது இன்னும் இரண்டரை மலை!

கொப்புளம் வெறும் தேய்மானத்தால் வருவதன்று. செருப்போடு ஒட்டிய மேல்தோல் நின்றுவிட, உள்ளே எலும்பு முன்னும் பின்னும் நகர்கிறது. இடையிலுள்ள தோல் அடுக்குகள் விலகி, அங்கே நீர் கோத்துக்கொள்கிறது. ஈரத்தோலில் உராய்வு அதிகம். அதனால் காலை அடிக்கடி துடைத்து உலர்த்தவேண்டும். புதுச் செருப்பை யாத்திரையன்று முதன்முதலாக மாட்டாதீர்கள். வெறுங்காலோடு நடப்பதாக வேண்டுதல் என்றால், உள்ளங்கால் தோல் தடிக்கச் சில வாரங்கள் தேவை. முந்திய நாள் பயிற்சி உதவாது.

வெயிலுக்கு அஞ்சிப் பலரும் இரவில் நடக்கிறார்கள். இங்கேதான் உயிருக்கு ஆபத்து. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் லாரி, வினாடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர் கடக்கிறது. ஓட்டுநர் உங்களைக் கண்டு பிரேக்கை மிதிக்க ஒரு வினாடி. அதன்பின் வண்டி நிற்க இன்னும் 20 மீட்டருக்கு மேல் வேண்டும். ஆக, 40 மீட்டராவது தேவை. தாழ்த்திய முகப்பு விளக்கில் கரும்பச்சைச் சட்டை 30 மீட்டருக்கு அப்பால் தெரிவது அரிது. கணக்கை நீங்களே முடித்துக்கொள்ளுங்கள்.

சைக்கிள் கடையில் கிடைக்கும் ஒளிரும் ஸ்டிக்கர் பட்டை, விழும் வெளிச்சத்தை வந்த திசைக்கே திருப்பி அனுப்புகிறது. 100 மீட்டருக்கு அப்பாலும் பளிச்சிடும். அதைப் பையிலும் சட்டையின் முன்பின் இரு புறங்களிலும் ஒட்டி, எதிரே வரும் வண்டிகள் கண்ணில் படும்படி சாலையின் வலது ஓரமாக, ஒருவர் பின் ஒருவராக நடங்கள். பாட்டியின் புடவைத் தலைப்பிலும் ஒரு துண்டு ஒட்டிவிடுங்கள்.